அவசரம் இல்லை

பங்காருபாளையம்
10.2.2002

சேகருக்கு அண்ணி கிருஷ்ணம்மா எழுதுவது.

நான் நலம், நீ நலமா என்றுதான் தொடங்க வேண்டும். முதல் பாதி பொய் என்பதால் இரண்டாவதை மட்டும் கேட்கிறேன்.

உன் அண்ணன் போய் எட்டு மாதம் ஆகிறது. ஜூன் பதினேழு வந்தால் வருஷம். நினைவு அட்டை அச்சடித்து நம் மாங்கூழ் கம்பெனியில் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும் என்கிறாள் மகள் ரேகா. திருப்பதியில் அச்சகமும் பார்த்துவிட்டாள். ஒரு பக்கம் அவர் படம். மறுபக்கம் அவரைப் பற்றித் தமிழில் பத்து வரி, தெலுங்கில் பத்து வரி. கொட்டை எடுக்கும் பெண்களில் பாதிப் பேர் நம் ஆட்கள், பாதிப் பேர் தெலுங்கு. அச்சகத்துக்காரர் தானே எழுதித் தருவதாகச் சொல்லி ஒரு மாதிரியைக் காட்டினாராம். அன்பின் உருவம், பண்பின் சிகரம் என்று போகிறது. ரேகா அதைப் படித்துவிட்டு, "அண்ணா, இதுல எங்க நைனா எங்க கீறாரு?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

எழுத உன்னை விட்டால் ஆளில்லை. இரண்டு பாஷையும் எழுதத் தெரிந்தவன் நம் வீட்டில் நீ ஒருத்தன்தான். நீ அவருடைய தம்பியும்கூட. இதை முதலில் சொல்லியிருந்தால் அந்த வரியிலேயே கடிதத்தை மடித்திருப்பாய்.

வருஷத்துக்கு நீ வர வேண்டும். சாவுக்கு வரவில்லை. பதினாறுக்கும் வரவில்லை. ஊர் கேட்டது. மஸ்கட்டில் லீவு கிடைக்காது, விசா சிக்கல் என்று எனக்கே தெரியாத காரணங்களை எல்லாருக்கும் சொன்னேன். 1992இல் உன்னைப் பெற்ற நைனாவின் காரியம் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு போனவன், அதன் பிறகு அண்ணனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் என்று தெரியாமலே அவர் போய்ச் சேர்ந்தார். எனக்காவது தெரிய வேண்டும்.

அண்ணி
கிருஷ்ணம்மா


மஸ்கட்
27.2.2002

அண்ணிக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நினைவு அட்டைக்கு என்னால் எழுத இயலாது. குறிப்புகளை மட்டும் தருகிறேன். அச்சகத்துக்காரர் அன்பையும் பண்பையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

பெயர் துலுக்காணம். பிறந்தது சத்தியவேடு பக்கம், 1945. தகப்பனார் அப்பாவு, நிலமில்லாத கூலி. படிப்பு இரண்டாம் வகுப்பு. பதினேழு வயதில் மாந்தோப்புக் காவலுக்குப் பங்காருபாளையம் வந்தார். காய் பறித்தார், பெட்டி கட்டினார், தோப்பைக் குத்தகைக்கு எடுத்தார். 1992இல் மாங்கூழ் கம்பெனி தொடங்கித் தகப்பனார் பெயரை வைத்தார். மனைவி ஒருவர், மகள் ஒருத்தி. மறைவு 17.6.2001.

இதில் பொய் ஒன்றுமில்லை. இதற்கு மேல் எழுதினால் அது அட்டையில் அச்சடிக்கக்கூடியதாக இருக்காது.

என் ஒன்பதாவது வயதில், சத்தியவேட்டில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் முதல் மாணவனாக இருந்தவனைப் பிடுங்கிக் கொண்டுவந்து பங்காருபாளையத்தில் தெலுங்குப் பள்ளியில் போட்டார். யாரையும் கேட்கவில்லை. "தெலுங்கு படிச்சாதான்டா இங்க ஆபீசர் ஆவலாம்" என்றார். ஒரு வருடம் முழுவதும் கடைசி பெஞ்சில் ஊமையாக உட்கார்ந்திருந்தேன். தமிழனைக் கிண்டலாக அழைக்கும் 'அரவோடு' என்ற சொல்தான் நான் தெலுங்கில் முதலில் கற்றது. தமிழ் எழுத்தைப் பிற்பாடு நானாகத்தான் மீண்டும் பழகினேன்.

திருப்பதியில் கல்லூரி ஹாஸ்டலில் இருந்தபோது மாதம் இரண்டு ஞாயிறு வருவார். சட்டை மடிப்பெல்லாம் மாங்கறை. தோளில் மூட்டை. மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டு மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி, "சேகரு, துன்னியாடா?" என்று கத்துவார். மறுநாள் பூராவும் மெஸ்ஸில் பையன்கள் என்னைப் பார்த்து "துன்னியாடா, துன்னியாடா" என்பார்கள். பட்டம் வாங்கும்வரை அது நிற்கவில்லை.

குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர் என்று எல்லாரும் சொல்வார்கள். இருக்கலாம். அந்தக் குடும்பத்தில் யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லை என்று முடிவு செய்தவரும் அவர்தான். ஒரே ஒரு வார்த்தையில் என்னை வெளியே நிறுத்தினார். எந்த வார்த்தை என்று என்னிடம் கேட்காதீர்கள். அது அவருக்குத் தெரியும்.

வருஷத்துக்கு வருவதாக இல்லை.

இப்படிக்கு
சந்திரசேகர்


பங்காருபாளையம்
15.3.2002

சேகருக்கு,

உன் குறிப்பைப் படித்தேன். ரேஷன் கார்டில்கூட மனுஷனைப் பற்றி இதைவிட ஒரு வரி கூடுதலாக இருக்கும்.

'மகள் ஒருத்தி' என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒருத்திக்குத் தலை பின்னிவிட்டது யார் தெரியுமா? நான் விடியலிலேயே பெட்டி கட்டப் போய்விடுவேன். அவர்தான் பின்னுவார். பழப்பெட்டிக்குக் கயிறு இழுத்த கை, ஜடையையும் அப்படியே இழுக்கும். "நைனா, கண்ணு மேல ஏறுது, லூசா வுடு" என்று இவள் கத்துவாள். "லூசா வுட்டா சித்தூர் போறதுக்குள்ள பெட்டி பிரிஞ்சுடும்" என்பார். நேற்று அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்புறம் எழுந்து குழாயடிக்குப் போய்விட்டாள், வெகுநேரம் வரவில்லை.

வெளிநாட்டுக்கு யார் வேண்டுமானாலும் சரக்கு அனுப்பலாம், வழியைத் திறந்துவிட்டார்கள் என்று யாரோ பேப்பர் படித்துச் சொன்னதும் அவருக்குக் கூழ் கம்பெனி யோசனை வந்தது. லைசென்சுக்கும் கரண்டுக்கும் சித்தூருக்கு எத்தனை நடை! "துலுக்காணம், நீக்கு ஃபேக்டரியா?", உனக்கெல்லாம் ஃபேக்டரியா என்று ஒரு ஆபீசில் முகத்துக்கு நேராகச் சிரித்தார்களாம். அதை அவரே வந்து நடித்துக் காட்டுவார். எவ்வளவு நேரமானாலும் கடைசி பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவார். "நீ இல்லாட்டி சோறு எறங்கல கிருஷ்ணம்மா" என்பார். ஆசையும் உண்டு. ஓட்டல் சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள் என்ற கோபமும் உண்டு.

மாம்பால் பட்டுப் பெண்களின் விரல்கள் வெந்துபோகும். கம்பெனி திறந்த நாளே வாசலில் ஒரு டின் தேங்காயெண்ணெய் வைத்தார். இன்றுவரை அது காலியாக இருந்ததில்லை. இது உன் குறிப்பில் இல்லை.

ஹாஸ்டலுக்கு மாங்கறைச் சட்டையோடு வந்தார் என்கிறாய். உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம் குளித்துவிட்டுச் சலவைச் சட்டைதான் போடுவார், நானே மடித்துக் கொடுப்பேன். பஸ்ஸில் மூட்டையைக் கீழே வைத்தால் பழம் நசுங்கும் என்று திருப்பதி வரை மடியில் வைத்துக்கொண்டு வருவார். நீ பார்த்தது அந்தக் கறை.

நம் டின்களில் பாதி அரபு நாட்டுக்குத்தான் போகிறது. டின் மேல் நம் பெயர் இருக்காது, வாங்குகிறவன் பெயர்தான் இருக்கும். ஆனாலும் ஒவ்வொரு லாரி கிளம்பும்போதும், "சேகரு குடிப்பான்" என்பார். "அவ்ளோ பெரிய ஊர்ல உன் தம்பி கைக்கா போய்ச் சேரும்?" என்பேன். "யாரு கண்டா" என்பார்.

அந்த வார்த்தை அவருக்குத் தெரியும் என்கிறாய். தெரியாது. தெரிந்திருந்தால் என்னிடம் சொல்லியிருப்பார். முப்பத்தைந்து வருஷத்தில் அவருக்கு மறைக்க வராத ஒன்று உண்டென்றால் அது மனசுதான். "தம்பிக்கு நம்ம மேல மாங்கா நாத்தம் அடிக்குது போல" என்று மட்டும் ஒருதரம் சொன்னார். அவரிடம் இனி கேட்க முடியாது. என்னிடம் சொல்.

அண்ணி


மஸ்கட்
29.3.2002

அண்ணிக்கு,

கறையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கு அது தெரியாது. ஆனால் நான் சொல்லப்போவதை அது மாற்றாது.

1992 மே மாதம். அப்போது நான் ஹைதராபாத்தில் இருந்தேன். முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு பதினாறாம் தேதி. நைனா காய்ச்சலில் விழுந்து படுக்கையில் இருப்பதாக நம் ஊர்ப் பச்சையப்பன் வந்து சொன்னார். அன்றே அண்ணனுக்கு எழுதினேன். தேர்வு இருக்கிறது, ஆனால் கிளம்பி வரட்டுமா என்று கேட்டேன்.

பதில் வந்தது. கம்பெனியின் பெயரும் விலாசமும் அச்சிட்ட தாளில், சரக்கு வாங்குகிறவனுக்கு எழுதுவதுபோல. குமாஸ்தாவின் கையெழுத்து, தெலுங்கில். மொத்தம் இரண்டு வரி. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

"ராவலசின அவசரம் லேது. பரீட்ச சூசுகோ."

கீழே அண்ணனின் கையெழுத்து, அந்தக் கோணல் 'து'வோடு.

தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. நீ வர வேண்டிய தேவை இல்லை, உன் பரீட்சையைப் பார்த்துக்கொள். பெற்ற தகப்பனின் படுக்கையருகே நான் தேவையில்லை என்று அண்ணன் ஆபீஸ் தாளில் தெரிவித்தார். நான் தேவைப்படாத இடத்துக்குப் போகவில்லை. நான்காம் நாள் தந்தி. வெயில் காலம், வைத்திருக்க முடியாது. நான் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து மண் ஈரமாக இருந்தது. அண்ணன் கட்டிக்கொண்டு அழுதார். கட்டை மாதிரி நின்றேன். நைனாவின் முகத்தைப் பார்க்க விடாமல் செய்தவர் அழுகிற அழுகையைப் பார் என்று நினைத்தேன்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் மே மாதம் நீங்கள் எழுதினீர்கள். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது, திருப்பதியில் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறோம், உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார், எப்போது வருவாய் என்று. நான் இங்கே வேலை பார்க்கும் பள்ளியின் பெயர் அச்சிட்ட தாளை எடுத்தேன். அவர் எனக்கு எழுதிய முதல் வரியை, அதே தெலுங்கில், அதே மூன்று சொற்களில் எழுதினேன். வேறு ஒன்றும் எழுதவில்லை. அன்று ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஜூன் பதினைந்தாம் தேதி பள்ளி மூடியது. நண்பர் ஒருவரோடு சாரல் பார்க்கச் சலாலா போனேன். திரும்பி வந்தபோது கதவடியில் தந்தி கிடந்தது.

என் கடிதம் அவருக்கு நிச்சயம் புரிந்திருக்கும். அவருடைய வார்த்தைதானே. இப்போது சொல்லுங்கள், நான் நினைவு அட்டை எழுதலாமா?

சந்திரசேகர்


பங்காருபாளையம்
14.4.2002

சேகரு,

உன் கடிதத்தை மூன்று நாள் முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். நான்காம் நாள் குமாஸ்தா நாகபூஷணத்தை வீட்டுக்கு வரச்சொன்னேன்.

அவர் உனக்குப் பதில் எழுதச் சொன்ன அன்று நான் கம்பெனியில்தான் இருந்தேன். சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டியதே நான்தான். அன்றைக்கு நைனாவுக்குக் காய்ச்சல் இறங்கி, உட்கார்ந்து கஞ்சி குடித்தார். பிழைத்துக்கொண்டார் என்றே எல்லாரும் நினைத்தோம். நானே பதில் போடுகிறேன் என்றேன். "நீ வாணாம். புது லெட்டர்பேடு வந்துக்குது பாரு. நைனா பேரு மொத மொத அச்சுல. அதுல போனா தம்பி சந்தோசப்படுவான். நாகபூஷணம் எழுத்து முத்து மாரி இருக்கும்" என்றார். கட்டைப் பிரித்து உருவிய முதல் தாள் உனக்கு வந்தது.

அவர் சொன்னதை என் காதால் கேட்டேன். தமிழில்தான் சொன்னார். "எழுது நாகபூஷணம். நைனாவுக்குத் தேவல. வர்றதுக்கு அவசரம் இல்ல. பரீச்சைய பாத்துக்கினு நெதானமா வரட்டும்."

நாகபூஷணம் தெலுங்குக்காரர். தமிழ் அவர் காதில் ஏறும், கையில் ஏறாது. உன் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அம்மா, அய்யா அவசரம் இல்லன்னாரு. நானு அவசரம் லேதுன்னு ராசினேன். ரெண்டும் ஒண்ணுதானேன்னு நெனச்சேன் அம்மா" என்றார். அவசரத்துக்குத் தெலுங்கில் 'தொந்தர' என்று எழுதியிருக்க வேண்டுமாம். பத்து வருஷம் கழித்து இப்போதுதான் அவருக்கு உறைக்கிறது. சாப்பாட்டு மணி அடித்துவிட்டதால் நைனாவுக்குத் தேவலை என்பதையும் நிதானமாக வரட்டும் என்பதையும் விட்டுவிட்டாராம். அறுபது வயசு மனுஷன் என் எதிரில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் அவரைத் திட்டவில்லை. அவர் ஒரு வார்த்தையில்தான் தப்புச் செய்தார். ஏன் அண்ணா அப்படி எழுதினாய் என்று ஒன்பது வருஷத்தில் ஒருதரமாவது கேட்டிருக்க வேண்டியவர் அவர் இல்லை.

இதோடு நிறுத்தத்தான் நினைத்தேன். ஆனால் உன் கடிதம் அவருக்குப் புரிந்திருக்கும் என்று எழுதியிருக்கிறாய். அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியில் கட்டிலோரம் உட்கார்ந்து ரேகாதான் பிரித்தாள். எனக்குத் தெலுங்கு படிக்க வராது. அவள் முகம் மாறியதை மட்டும் பார்த்தேன். "இன்னாம்மா எழுதிக்கிறான்?" என்றார். அவள் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "வர்றதுக்கு அவசரம் லேதுன்னு எழுதிக்கிறாரு, நைனா" என்றாள்.

அவர் சிரித்தார், சேகரு. எழுந்து உட்காரப் பார்த்தார். "அவசரம் இல்லியாமா? சரிதான், வாத்தியாரு வேல, ஸ்கூலு மூட வாணாமா? நெதானமா வரட்டும். பாத்தியா கிருஷ்ணம்மா, வரேன்னு எழுதிட்டான்!" என்றார். தாளை வாங்கி, மேலே அச்சடித்திருந்ததை விரலால் தடவினார். "லெட்டர்பேடுல எழுதிக்கிறான் பாரு. நான் எழுதுனா மாரியே."

பதினெட்டு நாள் அந்தத் தாள் தலையணைக்கடியில் இருந்தது. உன்னைக் கூட்டிவரச் சென்னைக்கு வேன் போக வேண்டுமென்று டிரைவர் திருமலையை எந்த லோடுக்கும் அனுப்பவிடவில்லை. சீசன் நேரம். அவன் தினம் வேனைக் கழுவிக் கழுவி நிறுத்தினான். டாக்டர் வரும்போதெல்லாம், "தம்பி மஸ்கட்லேர்ந்து வந்துக்கினு கீறான் சார்" என்பார். பதினைந்தாம் தேதி பள்ளி மூடியது என்று எழுதியிருக்கிறாய். அதையும் அவர் யாரையோ கேட்டுத் தெரிந்து வைத்திருந்தார். பதினாறாம் தேதி என்னை முகச்சவரம் செய்துவிடச் சொன்னார்.

மண்டியில் நாற்பது வருஷம் பேரம் பேசினவருக்குத் தெலுங்கு தெரியாதா என்று நீ கேட்கலாம். தெரியும். ஆனால் உன் பேச்சை அவர் தமிழில்தான் கேட்டார். நீதான் அவர் பேச்சைத் தெலுங்கில் படித்தாய். உன்னைத் தெலுங்கில் படிக்கவைத்ததும் அவர்தானே.

அன்றைக்கே ரேகாவுக்கு அர்த்தம் தெரிந்திருக்கிறது. நேற்றுதான் சொன்னாள். "நைனா சிரிச்சாரும்மா. அப்புறம் நான் எப்பிடி சொல்லுவேன்?" என்றாள்.

உன்னை வைய எனக்கு வாய் வரவில்லை. மன்னித்தேன் என்று எழுதவும் கை வரவில்லை. அட்டையை எழுதுவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்துகொள்.

அண்ணி


மஸ்கட்
25.4.2002

அண்ணி,

கடிதம் வந்த அன்று பள்ளிக் கேன்டீனுக்குப் போய் மாம்பழச் சாறு கேட்டேன். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அதைத் தொட்டதில்லை. எந்த ஊர்ப் பழக்கூழ் என்று கேட்டேன். தெரியாது என்றார் கடைக்காரர். ஒரு வாய் குடித்தேன். டம்ளரைப் பிடித்துக்கொண்டு பையன்கள் மத்தியில் நின்றுகொண்டிருந்தேன்.

அவர் கடிதத்தில் இருந்த அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் வேறு அர்த்தம் உண்டு என்று எனக்குத் தெரியாதா? இரண்டு பாஷையும் தெரிந்தவன் நான். பத்து வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அதைத் தமிழாக வைத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கோபப்பட ஒரு சொல் கிடைத்துவிட்டது, அதை விட மனமில்லை. இதை நாகபூஷணத்திடம் சொல்லுங்கள். தப்பு அவருடையது அல்ல.

அட்டைக்குப் பத்து வரி வேண்டாம். தமிழில் இதை மட்டும் போடச் சொல்லுங்கள்:

துலுக்காணம். பெட்டி கட்டிய கையால் மகளுக்குத் தலை பின்னியவர். கொட்டை எடுக்கும் கைகளுக்கு எண்ணெய் வைத்தவர். பழம் நசுங்காமல் மடியில் வைத்துக் கொண்டுவந்தவர். தம்பி வருவான் என்று இருந்தவர்.

தெலுங்கை நாகபூஷணம்தான் எழுத வேண்டும். அண்ணனுக்குப் பிடித்த எழுத்து அவருடையது. பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம்.

ஜூன் வரை இங்கே இருக்க முடியாது. மே மூன்றாம் தேதி சென்னையில் இறங்குகிறேன். பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன். திருமலையிடம் வேன் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

லீவு விண்ணப்பத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அவசரம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் எந்த அவசரத்தை எழுதுவது என்று தெரியவில்லை. கடைசியில், அண்ணன் இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்தேன். தலைமையாசிரியர் எழுந்து வந்து என் தோளில் கைவைத்தார்.

எப்போது என்று கேட்டார்.

போன ஜூனில் என்றேன்.

சேகரு